மோதிரம் எரிந்த பிறகு

முள்ளியவளையிலிருந்து ஒரு தங்கை எனக்கு எழுதிக் கேட்டிருந்தார்: "அண்ணை, ஒவ்வொரு மார்கழியும் 'த லோர்ட் ஒஃப் த றிங்ஸ்' படங்கள் மூன்றையும் முதலிலிருந்து பார்ப்பீர்கள் என்று சொல்கிறார்கள். நான் முதற் படத்தை அரை மணித்தியாலத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு மோதிரத்தைக் கொண்டுபோய் எரிமலைக்குள் போடுவதற்கு ஒன்பது மணித்தியாலமா? வன்னியில் இருக்கும் எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது? பார்ப்பதென்றால் எந்தப் பதிப்பைப் பார்ப்பது?"

கேள்வி நேர்மையாகக் கேட்கப்பட்டிருக்கிறது. ஆகையால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். இந்த மூன்று படங்களைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலானோர் அவற்றின் போர்க்களங்களைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அவற்றின் மீதுள்ள பற்று வேறோர் இடத்தில் வேர் பிடித்தது. போர் முடிந்து, மோதிரம் எரிந்து, அரசனுக்கு முடி சூட்டிய பின்பும் எழுந்து போகாமல், அந்தப் போருக்குள் போய் வந்தவர்களுக்கு அதன் பிறகு என்ன நடந்தது என்று பொறுமையாக நின்று பார்க்கிற படங்கள் இவை. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் என்னுடைய பதில் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் அடிப்படைத் தகவல்கள். ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதி 1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வெளிவந்த நாவலை, நியூசிலாந்து இயக்குநர் பீற்றர் ஜாக்சன் மூன்று படங்களாக எடுத்தார். 2001, 2002, 2003 என்று அடுத்தடுத்த மூன்று டிசெம்பர் மாதங்களில் அவை வெளிவந்தன. ஒன்றை எடுத்து முடித்து, அது ஓடுகிறதா என்று பார்த்து, அடுத்ததைத் தொடங்கும் வழக்கத்தை விட்டு, மூன்றுக்குமான முதன்மைப் படப்பிடிப்பை 1999 ஒக்ரோபரிலிருந்து 2000 டிசெம்பர் வரை ஒரே மூச்சில் நடத்தினார்கள். முதற் படம் தோற்றிருந்தால் மற்ற இரண்டும் அதனோடு சேர்ந்து மூழ்கியிருக்கும். மூன்றாவது படம் 11 ஒஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு 11ஐயும் வென்றது. விருதுக் கணக்கை இதோடு விட்டுவிடுகிறேன்.

நான் முதற் படத்தைப் பார்த்தது 2004ஆம் ஆண்டு, மாங்குளத்துக்கும் ஒலுமடுவுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில். மின்சாரம் இல்லாத காலம். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பின்னர் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படத் தட்டுகள் வரத் தொடங்கியிருந்தன. ஜெனரேற்றரை வளவின் பின்பக்கம் தூரத்தில் வைத்து, வயர் இழுத்து, முற்றத்தில் பாய் விரித்துப் பார்த்தோம். படம் ஆங்கிலத்தில் ஓடியது; தமிழ் எழுத்து எதுவும் கீழே வரவில்லை. ஊரில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் மாஸ்ரர். தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில் கதிரை போட்டு இருந்து, ஜெனரேற்றர் இரைச்சலையும் மீறி, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். படம் மூன்று தட்டுகளில் இருந்தது. மூன்றாவது தட்டில் கீறல். மோரியாச் சுரங்கத்தின் பாலத்திலிருந்து மந்திரவாதி காண்டால்ஃப் பாதாளத்துக்குள் விழுந்ததும் படம் நின்றுவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் மாஸ்ரரைப் பார்த்தோம், மிச்சக் கதையை வாயால் சொல்லுவார் என்று. "பார்க்காததையும் படிக்காததையும் நான் எப்படிச் சொல்வது?" என்று எழுந்து வீட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டு இரண்டாவது படத்தின் தட்டுகள் கிடைக்கும் வரை எங்களுக்குக் காண்டால்ஃப் இறந்தவராகவே இருந்தார். அவர் வெள்ளை உடையில் திரும்பி வந்தபோது எங்கள் முற்றத்தில் எழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

மூன்றாவது படம் ஊருக்குள் வந்ததாகச் சொன்னார்கள். யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். பிறகு பார்க்கலாம் என்று இருந்தோம். 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. அதன் பின் நடந்தவை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். மூன்றாவது படத்தை நான் பார்த்தது 2011இல், மீள்குடியேறிய காணியில், தறப்பாள் கூரையின் கீழ், இரவல் மடிக்கணினி ஒன்றில். மாஸ்ரர் 2009இல் இறந்துவிட்டார். சொல்லித் தர ஆள் இல்லாமல், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கொண்டே பார்த்தேன். முதல் இரண்டு படங்களைப் போருக்கு முன்பும் மூன்றாவதைப் போருக்குப் பின்பும் பார்க்க நேர்ந்த ஒருவருடைய பதில் இது என்பதை மனத்தில் வைத்து மேலே படியுங்கள்.

இந்தக் கதையை எழுதியவரும் போருக்குள் போய் வந்தவர் என்பதை நான் அறிந்தது பின்னாட்களில். டோல்கீன் 1916இல், பிரான்சின் சொம் போர்முனையில், பிரித்தானியப் படையின் சமிக்ஞை அதிகாரியாக இருந்தார். பதுங்குகுழிகளில் பேன்களால் பரவிய காய்ச்சல் பிடித்து ஊருக்கு அனுப்பப்பட்டதால் உயிர் தப்பினார். 1918இல் அந்தப் போர் முடிந்தபோது, அவருடைய நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் இறந்திருந்தார்கள் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இரண்டாவது படத்தில், நீருக்கு அடியில் இறந்த முகங்கள் கிடந்து விழிக்கும் சதுப்பு நிலம் ஒன்று வரும். அந்த நிலம் சொம் போருக்குப் பிந்திய வட பிரான்சுக்குக் கொஞ்சம் கடன்பட்டது என்று ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் தன் கதையை எந்தப் போரினதும் உருவகமாகப் படிப்பதை அவர் ஏற்கவில்லை. ஆசிரியர் ஒரே பொருளைத் திணிப்பது உருவகம் என்றும், வாசகர் தம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பது வாசகரின் சுதந்திரம் என்றும் நாவலின் பிந்திய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் பிரித்துக் காட்டினார். "வன்னியில் இருக்கும் எங்களுக்கு என்ன இருக்கிறது" என்று நீங்கள் கேட்கும்போது, அந்தச் சுதந்திரத்தின் மீது நின்றுதான் பதில் சொல்கிறேன். படத்தில் வரும் இந்த அரசு இன்ன அரசு, இந்தப் படை இன்ன படை என்று ஒட்டிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிப் பார்த்தால் படமும் கெடும், எங்களுக்கு நடந்ததும் சிறுத்துப் போகும். மனிதர்களின் முகங்களைப் பாருங்கள். அங்கே பொருத்தம் தானாக வரும்.

இரண்டாவது படத்தில் ரோகான் நாட்டு அரசன் தியோடன், தலைநகரைக் கைவிட்டு, மலைக்கோட்டை ஒன்றுக்குச் சனத்தை நகர்த்துகிறான். தேவையான உணவை மட்டும் எடுங்கள், செல்வங்களைச் சுமக்க வேண்டாம் என்று அறிவிக்கிறார்கள். வண்டிகள், பொதிகள், குழந்தையைத் தோளில் போட்ட பெண்கள், திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கும் கிழவிகள். உலகின் வேறு பகுதிகளில் இதைப் பார்ப்பவர்களுக்கு இது அடுத்து வரப்போகும் பெரும் சண்டைக்கு முந்திய ஓர் இடைவெளி. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று, கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போன சனத்துக்கு அது இடைவெளியாகத் தெரியாது. அரசன் அந்த மக்களைப் பாதுகாப்பான இடத்துக்குத்தான் கொண்டு போகிறேன் என்று உண்மையாகவே நம்புகிறான் என்பதும், அந்த இடத்துக்குப் பின்வழி இல்லை என்று மற்றவர்கள் கவலைப்படுகிறார்கள் என்பதும் படத்தில் தெளிவாகச் சொல்லப்படுகின்றன.

பிறகு கோட்டைக்குள் ஆள் போதவில்லை. குகைக்குள் ஒதுங்கியிருந்த குடும்பங்களிலிருந்து கிழவர்களையும் சிறுவர்களையும் பிரித்தெடுத்து, அளவுக்குப் பொருந்தாத தலைச்சீராவையும் வாளையும் கொடுக்கிறார்கள். தாய்மார் கையை விட மறுக்கிறார்கள். பின்னர் முடி சூடப்போகும் அரச வாரிசான அரகோர்ன் ஒரு சிறுவனிடம் பெயரைக் கேட்டு, அவனுடைய வாளை வாங்கி வீசிப் பார்த்து, நல்ல வாள் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறான். எங்கள் முற்றத்தில் 2005இல் இந்தக் காட்சி ஓடியபோது மாஸ்ரர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். பெரியவர்கள் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பங்கருக்குள் ஒளித்து வைத்த ஊர்களில் அந்தக் காட்சிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை என்பது எனக்கு வளர்ந்த பிறகே விளங்கியது.

அதே படத்தில், மகனைப் புதைத்த மேட்டின் முன் நின்று, பெற்றோர் பிள்ளையைப் புதைக்கும்படி நேரக் கூடாது என்று தியோடன் உடைந்து அழுகிறான். தியோடனாக நடித்த பேர்னார்ட் ஹில், பிள்ளையை இழந்த ஒரு பெண் தம்மிடம் சொன்ன வார்த்தை அது என்றும், அதைப் படத்தில் சேர்க்கும்படி தாம் கேட்டதாகவும் கூறியிருக்கிறார். கற்பனை நாட்டு அரசனின் வாய்க்குள் ஒரு நிஜத் தாயின் சொல் இருக்கிறது. அவர் 2024 மே மாதம் காலமான செய்தியைப் படித்த அன்று அந்தக் காட்சியை மட்டும் மீண்டும் போட்டுப் பார்த்தேன்.

இனி இந்தக் கதையின் அடி ஆழத்துக்கு வருகிறேன். உலகையே அடிமையாக்கக்கூடிய தீய மோதிரம் அது; அதை அழிப்பதற்காகச் சுமப்பவன் புரோடோ என்ற ஹொபிற். மனிதரில் பாதி உயரம் உள்ள, தோட்டமும் சாப்பாடும் விரும்பும் எளிய இனம். அவனோடு வருபவன் அவனுடைய தோட்டக்காரன் சாம். அவர்களுக்கு வழிகாட்ட வருவது, அந்த மோதிரத்தை முன்பு வைத்திருந்து அதனாலேயே உருக்குலைந்து போன கொல்லம். கொல்லத்தைக் கொன்றுவிட்டிருக்கலாமே என்று புரோடோ முதற் படத்தில் கேட்கிறான். வாழத் தகாத பலர் வாழ்கிறார்கள், இறந்தவர்களில் சிலர் வாழத் தகுந்தவர்கள், அவர்களுக்கு உயிரைத் திருப்பிக் கொடுக்க உன்னால் முடியாதபோது மற்றவனுக்கு மரணத்தை விதிக்க அவசரப்படாதே என்ற கருத்தில் காண்டால்ஃப் பதில் சொல்கிறார். கேட்கும்போது அது ஒரு கிழவரின் அறிவுரை போல இருக்கிறது. முழுக் கதையும் அதன் மீதுதான் நிற்கிறது என்பது மூன்றாவது படத்தின் உச்சியில் தெரியவரும்: எரிமலையின் வாயில் நின்று, இத்தனை தூரம் சுமந்து வந்த புரோடோ, மோதிரத்தை எறிய மறுத்து, அது என்னுடையது என்று சொல்லி விரலில் மாட்டிக்கொள்கிறான். நாயகன் தோற்றுப் போகிறான். பலமுறை கொல்லப்படாமல் விடப்பட்ட கொல்லம் பாய்ந்து விரலைக் கடித்தெடுத்து, அந்த இழுபறியில் மோதிரத்தோடு நெருப்புக்குள் விழுவதால்தான் உலகம் பிழைக்கிறது. எந்த வீரனுடைய வாளும் அதைச் செய்யவில்லை. முன்பு காட்டிய இரக்கம் ஒன்று, காட்டியவன் தோற்ற பிறகு வந்து அவனைக் காப்பாற்றுகிறது. போர்க் கதைகள் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு முடிச்சை வேறெந்தப் படத்திலும் நான் காணவில்லை.

கொல்லத்தின் உருவம் கணினியில் வரையப்பட்டது என்றாலும், அதற்குள் இருப்பவர் அண்டி சேர்கிஸ் என்ற நடிகர். தரையில் தவழ்ந்தும் கற்களில் தாவியும் மற்ற நடிகர்களோடு சேர்ந்து நடித்தார்; அவருடைய அசைவையும் குரலையும் பின்பற்றியே உருவம் அமைக்கப்பட்டது. நல்லவனும் கெட்டவனுமாக ஒரே முகம் தனக்குத்தானே பேசும் காட்சியை, கூத்துப் பார்த்துப் பழகிய எங்கள் சனம் உடனே பிடித்துக்கொண்டது. முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடும் அண்ணாவிமார் யாரேனும் அந்தக் காட்சியைப் பார்த்தால் சேர்கிஸைத் தங்களில் ஒருவராகவே எண்ணுவார்கள்.

இந்தப் படங்களைச் செய்த கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பற்றில் அரைவாசி அந்தக் கைகளுக்கு உரியது. வீரர்கள் அணியும் சங்கிலிக் கவசங்களுக்காக பிளாஸ்திக் குழாய்களை வளையம் வளையமாக வெட்டி, ஒன்றோடொன்று கையால் கோத்தார்கள். அப்படிக் கோத்த வளையங்கள் ஏறத்தாழ 125 இலட்சம் என்றும், அந்த வேலையைச் செய்தவர்களின் விரல் ரேகையே தேய்ந்து போனது என்றும் சொல்வார்கள். கிடுகு பின்னிய கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தகவல் விசித்திரமாக இராது. ஹொபிற்றுகளின் ஊரை மட்டாமட்டா என்ற இடத்துப் பண்ணை ஒன்றில் அமைத்தபோது, படப்பிடிப்புக்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே மரக்கறியும் பூச்செடியும் நட்டு வளர விட்டார்கள். அதனால்தான் அந்த ஊர் செட் போலத் தெரியாமல், ஆட்கள் குடியிருந்து பழகிய ஊர் போல இருக்கிறது. நீங்கள் இழுவை என்று நிறுத்திய அந்த முதல் அரை மணித்தியாலத்தில் காட்டப்படுவது அந்தத் தோட்டங்களைத்தான், தங்கச்சி. பிற்பாடு சாம் எதை நினைத்து ஏங்குகிறான் என்பது விளங்க வேண்டுமானால் அந்த அரை மணித்தியாலமும் தேவை.

ஹொபிற்றுகளையும் மனிதர்களையும் ஒரே சட்டகத்தில் காட்டுவதற்குப் பெரும்பாலும் பழைய கண்கட்டு முறையைக் கையாண்டார்கள். காண்டால்ஃபைக் கமராவுக்கு அருகிலும் சிறியவரைத் தொலைவிலும் இருத்தி, இரண்டு துண்டாகச் செய்த ஒரு மேசையை ஒரே மேசை போல் தெரியும்படி வைத்தார்கள். கமரா நகர்ந்தால் இந்தக் குட்டு உடைந்துவிடும் என்பதால், கமரா நகரும்போது நடிகரும் மேசையும் சேர்ந்து நகரும்படி பொறி அமைத்தார்கள். இன்னொரு தகவல் எங்கள் ஊர்ப் பெடியன்களுக்கு மிகவும் பிடித்தது: இரண்டாவது படத்தில் பத்தாயிரம் பேர் கொண்ட எதிரிப் படை மழைக்குள் நின்று எழுப்பும் முழக்கத்தில், வெலிங்டன் மைதானத்தில் கிரிக்கெட் பார்க்க வந்திருந்த சுமார் 25,000 இரசிகர்களின் குரல் இருக்கிறது. ஆட்ட இடைவேளையில் ஜாக்சன் மைதானத்துக்குள் இறங்கி, என்ன சொல்ல வேண்டும் என்று காட்டி, அதை ஒலிப்பதிவு செய்தார்.

இசையைப் பற்றி ஒரு நாள் முழுக்க எழுதலாம். ஹவர்ட் ஷோர் ஒவ்வொரு இனத்துக்கும் ஊருக்கும் ஒரு மெட்டை வைத்து, கதை நகர நகர அதை வளர்த்தும் உடைத்தும் கொண்டு போகிறார். மோதிரத்தோடு புறப்படும் ஒன்பது பேர் ஒரு குழுவாகச் சேரும்போது அந்தக் குழுவின் மெட்டு முழுமையாக எழும். காண்டால்ஃப் விழுந்த பிறகு அது துண்டு துண்டாகவே கேட்கும். ரோகான் நாட்டுக்கு நோர்வே நாட்டு வயலின் ஒன்றின் கம்மிய குரல். காடுகளை வெட்டி உலைக்குள் போடும் எதிரிக் கோட்டையான ஐசன்கார்ட்டின் மெட்டு ஐந்து அடிகளில் ஓடும். இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம் தாளம் போடும். எங்கள் கணக்கில் சொன்னால் கண்ட நடை. தகதகிட என்று தொடையில் தட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள். நான்கில் நடந்து பழகிய காலுக்கு அந்த ஐந்தாவது அடி இடறும். இயந்திரம் ஒன்று ஊருக்குள் நுழைந்துவிட்ட அச்சம் அந்த இடறலில் இருக்கிறது. இரண்டாவது படத்தின் முடிவில், வெட்டப்பட்ட காட்டுக்குப் பழி வாங்க மரங்களே நடந்து வந்து, அணையை உடைத்து, அந்த உலைகளை வெள்ளத்தில் மூழ்கடிக்கும். பாலையும் முதிரையும் வீழ்த்தப்பட்டு லொறியில் போவதைப் பார்த்துக்கொண்டு, இரணைமடுக் குளத்தின் வான் பாயும் சத்தத்தையும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

குறைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. இரண்டு எனக்குப் பெரியவை. முதலாவது, இந்தக் கதையின் உலகத்தில் எங்களைப் போன்ற நிறம் உடையவர்களைத் தேடினால் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் யானை ஏறி வரும் எதிரிப் படையில்தான் காணலாம். அவர்களுக்கு முகமும் இல்லை, பேச்சும் இல்லை. நாவலில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது: தெற்கத்திய வீரன் ஒருவன் அம்பு பட்டுத் தன் காலடியில் விழுந்ததும், இவனுடைய பெயர் என்ன, உண்மையிலேயே கெட்டவன்தானா, எந்தப் பொய்யோ மிரட்டலோ இவனை இவ்வளவு தூரம் நடத்திக் கொண்டு வந்தது, ஊரிலேயே இருந்திருக்க விரும்பியிருப்பானோ என்று சாம் நினைக்கிறான். அந்த எண்ணத்தைத் திரைக்கதையில் தளபதி ஃபராமிர் வாயில் வைத்து எடுத்தார்கள்; ஆனால் அது திரையரங்குப் பதிப்பில் இடம்பெறவில்லை, நீட்டித்த பதிப்பில்தான் இருக்கிறது. சண்டையில் இரு பக்கமும் யாருடையவோ பிள்ளைகள்தான் விழுகிறார்கள் என்று சொல்லும் அந்த அரை நிமிடத்தைத் திரையரங்கில் வெட்டியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. நாவலில், போரை வென்று ஊர் திரும்பும் நான்கு ஹொபிற்றுகளும் தங்கள் ஊரான ஷயர் அழிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறார்கள். மரங்கள் வெட்டப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டு, சொந்தச் சனத்தில் சிலரே புதிய அதிகாரத்துக்குக் கையாட்களாகி இருக்கிறார்கள். ஊரை மீட்ட பிறகு, எல்வ் குலத்து அரசி தனக்குக் கொடுத்த ஒரு சிறு பெட்டி மண்ணை, வெட்டப்பட்ட மரங்கள் நின்ற இடமெல்லாம் நட்ட கன்றுகளின் அடியில் சாம் ஒவ்வொரு பொட்டாக இட்டுக்கொண்டு போகிறான். தலை அறுந்து நின்ற பனைகளுக்கும் தென்னைகளுக்கும் நடுவே வீட்டு அத்திவாரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, முதலில் ஒரு தென்னம்பிள்ளை வைத்த எங்களுக்காகவே அந்த அத்தியாயம் எழுதப்பட்டது போல் இருக்கும். படத்தில் அது இல்லை. முதற் படத்தில், மாயக் கண்ணாடி போன்ற நீருக்குள் ஷயர் எரிவதாகச் சில கணம் காட்டுவதோடு சரி. ஆகவே படங்களைப் பார்த்து முடித்ததும் நாவலின் கடைசிப் பகுதியையாவது தேடிப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அதை விட்ட இடத்தில் ஜாக்சனும் அவரோடு திரைக்கதை எழுதிய ஃபிரான் வால்ஷ், பிலிப்பா பொயன்ஸ் ஆகியோரும் வேறொன்றைச் செய்திருக்கிறார்கள். படத்தில் ஷயர் துளியும் மாறவில்லை. நால்வரும் குதிரையில் வரும்போது ஒரு கிழவர் முற்றம் கூட்டியபடி முறைத்துப் பார்க்கிறார். மதுச்சாலையில் நால்வரும் ஒரு மேசையில் இருக்கிறார்கள். சுற்றிலும் சிரிப்பு, யாரோ வளர்த்த பெரிய பூசணிக்காயை எல்லாரும் மெச்சுகிறார்கள். இவர்கள் எங்கே போய் வந்தார்கள் என்று கேட்பார் இல்லை. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்து, பேசாமல் குவளையை உயர்த்துகிறார்கள். 2012இல் நான் முதன்முறையாகக் கொழும்புக்குப் போய் உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்றில் இருந்தபோது, அன்பாகத்தான் நடத்தினார்கள், நன்றாகத்தான் சாப்பாடு போட்டார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போன நாங்கள் நான்கைந்து பேரும் ஒரே மேசையில் போய் இருந்துகொண்டோம். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாவது படம் முடியவே மாட்டாமல் இழுக்கிறது, திரை இருண்டு இருண்டு மீண்டும் வெளிக்கிறது என்பது உலகம் முழுவதும் வைக்கப்படும் குற்றச்சாட்டு. மோதிரம் எரிந்த பின் இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் கதை ஓடுகிறது என்பது உண்மை. எனக்கு அந்த இருபது நிமிடமும்தான் படம். புரோடோ வீட்டில் இருந்து எழுதுகிறான்; தோளைப் பிடித்துக்கொள்கிறான். வெதர்டொப் குன்றில் கத்திக்குத்து வாங்கி இன்றோடு நான்கு ஆண்டு, அது ஆறவே இல்லை என்று சாமிடம் சொல்கிறான். உடம்புக்குள் ஷெல் பீஸ் இருக்கிறது என்று எங்கள் ஊரில் சொல்வார்களே, மாரி தொடங்கினால் அது தெரியும் என்று தோளைத் தடவுவார்களே, அந்த அசைவை அப்படியே அந்த நடிகர் எலைஜா வூட் செய்கிறார். வென்றவர்களின் பக்கம் நின்றவனுக்கே இந்த நிலை என்பதைப் படம் மறைக்கவில்லை. ஷயர் காப்பாற்றப்பட்டது, ஆனால் எனக்காக அல்ல என்று சொல்லி, மேற்கே போகும் கப்பலில் ஏறுகிறான்.

இதை எங்கள் மண் ஏற்கெனவே அறிந்திருக்கிறது என்பது என் எண்ணம். உங்கள் முள்ளியவளைக்குப் பக்கத்து வற்றாப்பளையை நினைத்துப் பாருங்கள். நீதி கேட்டு வென்று மதுரையை எரித்ததோடு கண்ணகியின் கதை முடிந்துவிட்டதாக நாங்கள் எண்ணுவதில்லை. எரித்த பிறகும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. கடல் கடந்து ஈழத்துக்கு வந்து, இடம் இடமாகத் தங்கி, பத்தாவது இடமாக இங்கே வந்து அமர்ந்தாள், அதனால்தான் இது பத்தாம் பளையாகி வற்றாப்பளை ஆனது என்று எங்கள் பாட்டிமார் சொல்லித் தந்தார்கள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பதும் அவளுக்காகவே. வெற்றிக்குப் பிறகும் ஆறாத ஒன்று உண்டு என்றும், அதற்குக் குளிர்ந்த ஓர் இடம் வேண்டும் என்றும், அந்த இடத்தை நோக்கி நடப்பதும் கதையின் பகுதிதான் என்றும் ஏற்றுக்கொண்ட சனத்துக்கு, புரோடோவின் கப்பல் இழுவையாகத் தெரிய நியாயம் இல்லை.

இனி எந்தப் பதிப்பு என்ற கேள்வி. நீட்டித்த பதிப்புகள் மூன்றும் சேர்ந்தால் 11 மணித்தியாலங்களுக்கு மேல் வரும். இரசிகர்கள் பலர் அவற்றையே முதலில் பார்க்கச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முதல் முறை திரையரங்குப் பதிப்பையே பாருங்கள். கதையின் ஓட்டம் அதில்தான் சரியாக இருக்கிறது. இரண்டாம் முறை, குறிப்பாக ஃபராமிர் சொல்லும் அந்த வார்த்தைகளுக்காக, நீட்டித்ததைப் பாருங்கள். தொலைபேசியில் பார்க்க வேண்டாம். மலைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக மனிதர்கள் நடக்கும் படம் இது, உள்ளங்கை அளவுத் திரையில் மனிதர் மறைந்துவிடுவார்கள். ஓர் இரவுக்கு ஒரு படம் போதும். முதற் படத்தில், அந்த ஒன்பது பேரில் ஒருவனான, தன் ஊரைக் காப்பாற்றும் ஆசையால் தவறிப்போன போரொமிர் இறக்கும் இடம் வரை பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பின்னும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டி வைத்துப் பாருங்கள். ஆங்கிலம் விளங்காதவர்களுக்கு, மாஸ்ரர் செய்தது போல, பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள். கோட்டைக்குள் பையன்களுக்கு வாள் கொடுக்கும் இடத்தில் மட்டும், அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாம் இரவு, மோதிரம் எரிந்ததும் விளக்கைப் போட்டுவிட வேண்டாம். கப்பல் போன பிறகு சாம் தனியாக ஊர்ப் பாதையில் நடந்து வருவான். மகள் ஓடி வருவாள். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, வந்துவிட்டேன் என்று சொல்லுவான். வீட்டின் வட்டக் கதவு சாத்தப்படும் வரை இருந்து பாருங்கள்.